வாசலில் வைத்த தட்டு

என்னவருக்கு,

கல்லறைத் திருநாளுக்கு வாசலில் உங்கள் படத்தின் முன் வைத்த சோளமாவுத் தமாலே விடிவதற்குள் தீர்ந்திருந்தது. நீங்கள் வந்து சாப்பிட்டீர்கள் என்று நினைத்து, திருநாள் முடிந்தும் தினமும் வைத்தேன்.

இன்று காலை நம் நாய் பெலூசா உறுமியது. எட்டிப் பார்த்தால், கயோட்டி நரி ஒன்று தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அதன் காது இவ்வளவு பெரிது என்று இப்போதுதான் பார்க்கிறேன். கூழாங்கல் போட்ட டப்பாவைக் குலுக்கி விரட்டப் பார்த்தேன். அது தலையைச் சாய்த்துக் கேட்டது.

பக்கத்து வீட்டு கொன்சுவேலோ சிரித்தாள். "விருந்து வச்சுட்டு டப்பாவ ஆட்டினா, பாட்டுக் கச்சேரின்னு நெனச்சுக்கும்டி. தட்ட எடு. நாளைக்கு உன் நாயத் தூக்கிட்டுப் போயிடும்."

"அவருக்கு வச்சதுடி."

"அவருக்கு வீட்டுக்குள்ள வர வழி தெரியாதா?"

தட்டை அடுப்பருகே வைத்திருக்கிறேன். பெலூசா உங்கள் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கிறது. இனி வாசல் கதவைத் தாழிட்டுவிடுவேன். அதற்காக நீங்கள் வராமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி