காப்பில் அகப்பட்ட கோச்சு

புதுக்கோட்டை,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி தங்கமுத்துவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, பம்பாய்த் தண்ணீர் இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா, இங்கே நானும் அமிர்தவல்லியும் சுகம், அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், ஆனால் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவர் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் முடிகிறவரை வரவும் முடியாது. பயந்துவிடாதே, முழுக்கப் படித்துவிட்டுப் பயப்படு. எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது என்பது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி அமிர்தம்தான் எழுதுகிறாள், சொன்னதை மட்டும் எழுதடி என்று தலையில் ஒரு குட்டுக் குட்டி உட்கார வைத்திருக்கிறேன். (அண்ணே, குட்டு நிஜம். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு, அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அடைப்பை அடைத்துவிட்டு வாசிப்பேன். நீ இருப்பது மாட்டுங்கா, அப்பா மாட்டிக்கொண்டது இங்கா. விஷயம் அவ்வளவுதான், மீதியை அம்மா சொல்லும்.)

தோற்கிற காலேஜ் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உன் அப்பாவுக்குக் கோச்சு வேலை என்பது நீ அறியாததில்லை. கரூர்ப் பக்கம் ஒன்று, திண்டுக்கல் பக்கம் ஒன்று, இரண்டும் கால்பந்தைக் கண்டாலே பயந்து ஓடிய டீம்கள், இரண்டையும் தூக்கி நிறுத்தினார், நிறுத்தின மறுவருஷமே ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு நான் எதுக்கு என்று மூட்டையைக் கட்டினார். இப்போது சொந்த ஊரிலேயே ஒரு டீம் கிடைத்தது, சரி, கடைசிக் காலத்திலாவது ஒரு இடத்தில் உட்காருவார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். முதல் வருஷம் எல்லா ஆட்டமும் தோல்வி. (தோல் பந்தை நம்பினால் தோல்விதான் என்று நான் சொன்னதற்குக் கோச்சு கோச்சுக்கிட்டு ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.) காலேஜ் பெரியவர் அப்பாவைக் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் இப்படியே போனால் பந்தாட்டத்தையே நிறுத்திவிட்டு மைதானத்தில் லேபரட்டரி கட்டப்போகிறோம், நீங்களும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வேறு இடம் ஏது, தலை நரைத்துவிட்டது, முட்டி பிடித்துக்கொள்கிறது, இந்த வயதில் எந்தக் காலேஜ் கூப்பிடும்.

ஆனால் இந்த வருஷம் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். தோற்கிற டீமில் ஒருத்தனோடு ஒருத்தன் பேசமாட்டான், அதுதான் வியாதி என்பாரே அப்பா, பந்தைத் தள்ளும்போது யாருக்குத் தள்ளுகிறாயோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தள்ளு என்று இங்கேயும் பழக்கினார். அதில் ஒரு சிக்கல் வந்தது. நாலு பையன்கள் குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே ஒரே ஊர், ஒன்றுக்குள் ஒன்று, மாமனை எப்படி சார் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று வாயை மூடிக்கொண்டார்கள். அப்படியானால் முறை சொல்லிக் கூப்பிடுங்கடா என்றுவிட்டார். அதுமுதல் மைதானத்தில் மாமா இந்தா, சித்தப்பா ஒனக்கு, மச்சான் விடாத என்று ஒரே கல்யாண வீட்டுச் சத்தம். எதிர் டீம்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்து முடிப்பதற்குள் கோல் விழுந்தது. (பந்துக்கள் கூடினால்தான் பந்து போகும் அண்ணே.) ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள், அது அடுத்த வாரம் சனிக்கிழமை தஞ்சாவூரில். அதையும் ஜெயித்தால் மைதானத்தில் யாரும் செங்கல் வைக்கமாட்டோம் என்று பெரியவர் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இங்கேதான் விதி குறுக்கே வந்தது. அந்த நாலு பையன்களின் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற மாதம் இது. காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கிறவரை அந்த ஊர்க்காரர் யாரும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது, கட்டும்போது ஊருக்குள் இருக்கிற வெளியாளும் அப்படித்தான், பிறகு தெரியாமல் உள்ளே கால் வைத்தவனும் அப்படித்தான், மற்ற ஊர்களைவிட அங்கே கட்டு ரொம்பக் கடுமை. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும், இந்த வருஷம் ஆட்டம் முடிந்த பிறகுதான் காப்பு என்று ஊர்ப் பெரியவர் பெரியகருப்பன் அம்பலம் முன்பே சொல்லியிருந்தார், அந்தத் தைரியத்தில் இருந்தார். ஆனால் அந்த நாலு பேரில் கோல் காக்கிற இருளாண்டியின் அக்காள் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது, இன்னும் இரண்டு வீட்டிலும் கண்டுவிட்டது, ஊர் கூடித் திருவிழாவை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். சேதி கேள்விப்பட்டதும் அப்பா ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஓடினார், அன்று சாயங்காலம்தான் காப்பு, அதற்குள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று. அம்பலமும் சம்மதித்துவிட்டார். வெயிலில் நடந்து வந்த மனுஷன் சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டிருக்கிறார்கள், சாப்பிட்டவர் ஒரு நிமிஷம் என்று வேப்பமரத்தடியில் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆட்டத்தில் கண்ணிமைக்காத மனுஷன் அன்றைக்குப் பார்த்துத் தூங்கிவிட்டார். கொட்டுச் சத்தம் கேட்டு எழுந்தால் கோவிலில் காப்புக் கட்டி முடிந்துவிட்டது. அம்பலம் கையைப் பிசைந்துகொண்டு நின்று, "அசந்து தூங்குற மனுசனை எழுப்ப மனசு வரலீங்க கோச்சு சார், பாவமா இருந்துச்சு" என்றாராம். பையன்களும் சாரே எழுந்திரிக்கட்டும் என்று சுற்றி உட்கார்ந்து விசிறிக்கொண்டு இருந்தார்களாம். அந்த மரியாதைதான் இன்று எங்களை இந்தப் பாடு படுத்துகிறது. (கோல் காக்கிறவனும் காப்பில், கோச்சும் காப்பில். தந்தி அடிக்கலாமா என்று யோசித்தோம், தந்தை காப்பில் என்று தந்தி வந்தால் போலீஸ் கை விலங்கு என்று நினைத்து நீ அங்கே மயங்கி விழுவாய். அதோடு நம் வீட்டில் தந்தி என்றாலே யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதனால் காகிதம்.)

நேற்று நானும் அமிர்தமும் அவருடைய வேட்டி துண்டை எடுத்துக்கொண்டு போனோம். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். துணியைக் கம்பில் தொங்கவிட்டு நீட்டினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை, முகம் சுண்டி, கண் உள்ளே போய், எல்லையோரமாகவே இங்கிட்டும் அங்கிட்டும் லைன்ஸ்மேன் மாதிரி நடந்துகொண்டிருக்கிறார், நடந்த இடத்தில் தடமே விழுந்திருக்கிறது. ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் காலேஜிலிருந்து காலையிலேயே தஞ்சாவூருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டார்கள் என்று சொன்னேன். துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "தாண்டப் போறேன் சொர்ணம்" என்றார். பக்கத்தில் நின்ற இருளாண்டி, "சார் தாண்டுனா நாங்க நாலு பேரும் தாண்டுவோம் ஆத்தா, அவரத் தனியா விடமாட்டோம்" என்கிறான். அந்தக் குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை தங்கமுத்து. இவர்கள் தாண்டி, அதற்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் தலையில் விழும், பெற்ற அக்காளே தம்பி முகத்தில் விழிப்பாளா. ஊசி போட வந்த சர்க்கார் ஆள் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறாராம், அவர் ஊசியைப் போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார், அந்தப் பிள்ளைகள் அங்கேயேதான் பிழைக்க வேண்டும். அம்மன் விஷயத்தில் எனக்கும் பயம் உண்டு, அதை நான் ஒளிக்கவில்லை. என்னங்க, மைதானம் போனால் போகட்டும், பிழைப்பு போனால் போகட்டும், தாண்டாதீங்க என்று கும்பிட்டுக் கேட்டேன். "மிச்ச ஏழு பேரு தஞ்சாவூருல அனாதையா நிப்பாங்க, நீ வீட்டுக்குப் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஏழு பேரும் இன்று காலையில் நம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருளாண்டிக்குப் பதிலாகக் கோல் காக்கப்போகிறவன் ஆதப்பன் என்று ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளை, மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறவன், எங்களைப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள் ஆச்சி என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால்தான் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே உன் பேரை எடுத்தேன். பெரியவனுக்கு எழுதுகிறேன், அவன் வந்து பிள்ளைகளோடு நிற்பான், நீங்கள் ஊருக்குள்ளேயே இருங்கள் என்றேன். உன் பேர் அவர் காதில் விழும்படி நான் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. திண்டுக்கல்லில் அந்தக் கடைசி ஆட்டத்தன்று எல்லார் முன்னாலும் அவர் டீமில் ஆடிய உன்னை ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைத்து, தனியா ஆடுறவன் தனியாவே போகட்டும் என்று அவர் சொன்னது தப்புதான், அப்படிச் சொன்னதற்காக நீ ஒரே வாரத்தில் பம்பாய்க்கு ரயில் ஏறியதும் தப்புதான், இரண்டு தப்புக்கும் நடுவில் நான் வெந்துகொண்டிருக்கிறேன். நீ எனக்குப் போடும் காகிதத்தை அமிர்தம் படிக்கும்போது அவர் கேட்காத மாதிரி பந்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். (ஒரு நாள் நான் வேண்டுமென்றே முணுமுணுத்துப் படித்தேன். "சத்தமாப் படி, பந்துக்குக் காது கேக்கல" என்றார். அடுத்த காகிதத்தில் நீ எழுதாத ஒரு வரியைச் சேர்த்து, அப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பதாக வாசித்தேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். அதனால் நீ வரும்போது முட்டியைப் பற்றிக் கட்டாயம் கேள், இல்லாவிட்டால் என் முட்டி உடையும்.)

உன் பேரைச் சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "ஆஃப் டைம் வரைக்கும் வாயத் தொறக்காம நிக்கச் சொல்லு, பசங்க தாங்களா பேசிக்கட்டும்" என்றார். வருவானா என்று கேட்கவில்லை, வரட்டும் என்றும் சொல்லவில்லை, இதை மட்டும்தான் சொன்னார். அப்படியானால் தாண்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள் என்றேன். "ஆட்டத்துக்கு மொத நாளு, வெள்ளிக்கிழமை பொழுது சாயுற மட்டும் இங்கனதான் உக்காந்திருப்பேன். அவன் மூஞ்சி தெரிஞ்சா எந்திரிச்சு ஊருக்குள்ள போறேன். தெரியலேன்னா இந்தக் கல்லு எனக்குக் கல்லு இல்ல" என்றார். உன் அப்பா சொன்னால் செய்கிறவர் என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆகையால் மகனே, இந்தக் காகிதம் கையில் கிடைத்த அன்றே லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறு, ஒர்க்‌ஷாப்பில் லீவு இல்லை என்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய்யாக இராது. உன் கோபத்தை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, கோபத்தோடேயே வா, எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துபோகாது, அவரோடு பேசவேண்டாம், அந்த ஏழு பிள்ளைகளோடு சனிக்கிழமை தஞ்சாவூரில் நின்றால் போதும். ஜெயித்தாலும் தோற்றாலும் உன்மேல் யாருக்கும் குறை இல்லை. வழியில் வெறும் வயிற்றில் இராதே, டிபன் டப்பாவில் ஏதாவது கட்டிக்கொள், திருச்சியில் இறங்கினால் வீட்டுக்கு வரவேண்டாம், பஸ்ஸைப் பிடித்து நேரே குன்றாண்டார்கோவில் போ, அங்கே அம்பலத்தின் ஊர் எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து நானும் அமிர்தமும் கல்லுக்கு இந்தப் பக்கம் காத்திருப்போம். (அண்ணே, அம்மா இதைச் சொல்லும்போது முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு எழுதடி எழுதடி என்கிறது. எனக்கும் இந்த இடத்தில் சிலேடை ஒன்றும் வரவில்லை. வந்துவிடு.)

அம்மன் துணையால் அந்தக் குழந்தை கண் திறக்க வேண்டும், நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவைக் கண்டதும் உன் கால் தன்னால் ஓடும், ஓடவிடாதே, கல்லைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைத்தாலும் நீயும் அகப்பட்டுக்கொள்வாய், அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை. காலில் விழுவதானால் இந்தப் பக்கத்து மண்ணிலேயே விழு, அவர் அந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் அம்மா,
நா. சொர்ணம்.