ஓடைக்குப் போகும் லாரி ட்யூப்கள்

கையில் ரப்பர் வாசனை. சோப்புப் போட்டுக் கழுவினேன், சீயக்காய் போட்டும் கழுவினேன், போகவில்லை. சோறு பிசையும்போது வருகிறது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையைத் தட்டினால் சாக்பீஸ் தூளோடு சேர்ந்து வருகிறது. உனக்குப் பிடித்த வாசனை இது. லாரி ட்யூபின் மேல் முகத்தை வைத்து மூச்சை இழுத்து, "சென்ட்டு பாட்டில்ல அடச்சு விக்கலாம்டி" என்பாய்.

உன் ஸ்கூட்டர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உன் அண்ணன் சாவியைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பின்னால் உனக்காகப் பொருத்திய பக்கச் சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன. எனக்கு அவை தேவையில்லை. கழற்றச் சொல்லவும் தோன்றவில்லை. தை பிறந்த சில நாள்களில் அதில் ஒரு சக்கரம் பஞ்சரானது. ராஜாங்கம் அண்ணன் டயர் கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். அவர் ட்யூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த வருசம் லாரி ட்யூபு வேணுமா வேணாமாம்மா? மாசி போச்சின்னா ஓடையில தண்ணி நிக்காது. அப்பறம் அந்தச் செல்விப் பொண்ணு என்ன சும்மா வுடாது."

தெரியவில்லை என்றேன்.

"தெரியலன்னா? இனிமே நீங்கதான கேக்கணும்?"

அந்தக் கடையில்தான் நீ முதன்முதலாக ட்யூப் கேட்டாய். நான் வழக்கம்போல உன் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். நன்கொடை கேட்கப் போகிற இடங்களில் எல்லாம் எனக்கு அதுதான் வேலை. கேட்பது நீ. எனக்குக் கேட்க வராது, கல்லூரியில் ஒரு பேனாவைக்கூட யாரிடமும் இரவல் கேட்காதவள் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

"அண்ணே, லாரி ட்யூபு வேணும். பழசு போதும்."

"எந்த வண்டிக்கும்மா?"

"செல்விக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

செல்வி வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரி. கடுக்காய் பறிக்க மரம் ஏறி, கிளை முறிந்து விழுந்தவள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. நடக்க முடியாதவர்களுக்காகக் கச்சிராயபாளையம் சாலையில் வாடகை வீட்டில் நீ நடத்திய பயிற்சிக் கூடத்துக்கு அவளை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். தன் ஊருக்குக் கீழே இருக்கும் ஓடையில் ஒரு தடவை இறங்க வேண்டும். நடக்க முடியுமா என்று அவள் கேட்கவே இல்லை.

நீ இதையெல்லாம் ராஜாங்கம் அண்ணனிடம் சொன்னாய். அவர் தலையைச் சொறிந்தார்.

"சோத்துக்குன்னு கேளும்மா, தரேன். மருந்துக்குன்னு கேளு, தரேன். கால் வெளங்காதவங்கள தண்ணில எறக்கி இன்னா பண்ணப் போற?"

"வெளாடப் போறோம்."

"வெளாட்டா?"

"ஏண்ணே, நீங்க வெளாண்டதே இல்லயா? பொறக்கும்போதே ஸ்பேனரோட பொறந்தீங்களா?"

கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஒட்டுப்போட்ட ட்யூப்களைத் தேடி எடுத்து, காற்றடித்து, தொட்டியில் அமுக்கிக் குமிழி வரவில்லை என்று காட்டிய பிறகுதான் கொடுத்தார்.

நம் ஊரில் கொடுக்காதவர்கள் இல்லை. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் திதிக்கும் யாராவது வருவார்கள். சோறு வரும், போர்வை வரும், கேக் வரும். எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நீ எதையும் மறுத்ததில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாய். சோறு போட வருகிறவர்கள் கிளம்பும் முன் ஓர் ஆட்டம் ஆட வேண்டும். கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கயிறு கட்டி, தரையில் உட்கார்ந்தபடி கயிற்றுக்கு மேலே பந்தை எறிய வேண்டும். "குண்டி தரைய விட்டு எழும்புச்சின்னா அவுட்டு" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவிப்பாய். பட்டுச் சேலைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு உட்காருவார்கள்.

அரிசி மண்டி முதலாளி ஒருவர் அப்படி உட்கார்ந்தார். நம்மவர்கள் விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பார். செல்வி அவரை மூச்சு வாங்க வைத்துவிட்டாள்.

"இன்னா மொதலாளி, தின்ன எங்களுக்கு இவ்ளோ தெம்பு கீது, போட்ட உங்களுக்கு இல்லயா?"

எனக்குப் பயமாக இருந்தது, இனி அரிசி வராது என்று. அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "அடுத்த மாசம் வரேன் பாரு" என்றார். வந்தார். அரிசியோடு புதுப் பந்துகளும் கொண்டுவந்தார்.

அன்று உன்னோடு ஸ்கூட்டரில் திரும்பும்போது நீ சொன்னது நினைவிருக்கிறது. சின்ன வயதில் உங்கள் தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது உன்னையும் சேர்த்துக்கொள்வார்களாம், ஒப்புக்குச் சப்பாணியாக. "மத்தவங்களாவது பேருக்குத்தான் சப்பாணி, நான் நெசமாவே சப்பாணி" என்றாய். இளம்பிள்ளை வாதம் வந்த காலோடு நீ எங்கே ஓடுவது? எல்லோருடைய செருப்புகளையும் உன் பக்கத்தில் விட்டுவிட்டு ஓடுவார்களாம். செருப்புக்குக் காவல். "அதனாலதான்டி, சோறு கேக்க எனக்கு மனசு வரல. வெளாட்டுத்தான் கேக்கணும்."

பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர்கள் நம் பயிற்சிக் கூடத்தை நொண்டி வூடு என்பார்கள். நான் கோபப்படுவேன். நீ ஏறி உட்கார்ந்து, "ஆமாண்ணே, நொண்டி வூட்டுக்குத்தான். நீங்க நொண்டாம ஓட்டுங்க" என்பாய்.

பிறகு கண்ணாடி. ஒரு நாள் செல்வி சோற்றுக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறினாள். குண்டான் சூடாக இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. இரவில் துணி மாற்றும்போதுதான் தொடையில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தார்கள். ஆற வெகுநாள் பிடித்தது. நீ மறுநாளே உன் அண்ணனின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் நின்றாய்.

"கைக்கண்ணாடி வேணும்ணே. எங்க கூடத்துல இருக்கறவங்களுக்கு ஆளுக்கொண்ணு."

"எதுக்கு, பவுடர் பூசிக்கவா?"

"ஆமா. முதுகுக்கு."

அவருக்குப் புரியவில்லை. கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் கண்ணாடியை எடுத்து, உணர்ச்சி இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இடுப்பு, தொடை, குதிகால். புண் வந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா. சோம்பல்படுகிறவர்களிடம் நீ சொல்வாய்: "மரத்துப்போன எடம் தானா சொல்லாது. நீதான் போய்ப் பாக்கணும்."

அந்த முதல் ஓடைப் பயணம். வெள்ளிமலை தாண்டி, ஜீப் போகிற வரை போய், மிச்ச தூரத்துக்குத் தூளி கட்டித் தூக்கினார்கள். ஓடை பாறைகளுக்கு நடுவே அகலமாகி இடுப்பளவுத் தண்ணீராகத் தேங்கும் இடம். நீ காலில் மாட்டும் இரும்புக் காலிபரைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு முதல் ஆளாக இறங்கினாய். செல்வியை ட்யூபில் உட்காரவைத்து விட்டார்கள். அவளுடைய கால்கள் மெல்ல மேலே வந்து மிதந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மெதக்குது பாருங்க! யாரு காலோ மாரி மெதக்குது!"

நீ அவள்மேல் தண்ணீரை வாரி அடித்தாய். அவள் திருப்பி அடித்தாள். நான் கரையில் துண்டுகளையும் எல்லோருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வருஷா வருஷம் அங்கேயேதான் நின்றேன். "நான் சின்னதுல பாத்த வேலய இப்ப நீ பாக்கற. எறங்குடி" என்று கத்துவாய். எனக்குத் தண்ணீர் பயம். அடுத்த வருஷம் என்பேன்.

ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை. உன் வீட்டில் பெண்கள் அழுதார்கள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், டீ சொல்லி அனுப்பினேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசலில் நின்றேன். "கூடவே சுத்திக்கினு இருந்த பொண்ணு, ஒரு சொட்டுக் கண்ணு தண்ணி வரல பாரேன்" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னார். வரவில்லை. பிறகும் வரவில்லை. பள்ளிக்குப் போனேன், மாலையில் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன், வீட்டுக்கு வந்தேன். குழம்பில் உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

தையில் பஞ்சர் ஒட்டிய அன்று மாலை பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். கண்ணாடி பார்க்கிற நேரம். செல்வி பாயில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள்தான் எல்லோரையும் பார்க்கச் சொல்லி அதட்டுகிறாள். நான் அவளைக் கடந்து போனேன்.

"அக்கா, நில்லுங்க. கால்ல இன்னா அது?"

"எது?"

"பின்னாடி. தோலு வழண்டு கீது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் தன் கண்ணாடியைத் தரையோடு சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். வலது கெண்டைக்காலில் கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு, சிவப்பாக. ஸ்கூட்டர் சைலன்சர் சுட்டிருக்க வேண்டும். காலையில் தள்ளிக்கொண்டு போனபோதா, முந்தின நாளா? யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

"சுட்டது தெரியலயாக்கா?"

"தெரியலடி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப நீங்களும் நம்ம கட்சி!" கூடமே சிரித்தது. மருந்தைப் பூசிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "தண்ணிக்கு எப்பக்கா?"

உன் அண்ணன் அதற்குள் உன் பெயரில் எல்லோருக்கும் பிரியாணி போடுவதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். மறுநாள் அவர் கடைக்குப் போனேன். பிடித்துக்கொள்ளப் பை இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அண்ணே, பிரியாணி வேணாம். வண்டி வேணும்."

"எங்கம்மா?"

"மலைக்கு. ஓடைக்கு."

அவர் வளையல் பெட்டியை மூடினார். "அவ இருந்தா பாத்துக்குவா. நீ தண்ணில காலே வெக்க மாட்டியாமே, சொல்லிச் சிரிப்பா. யாருனா முழுகிட்டா யாரும்மா பதில் சொல்றது?"

நீ இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் நின்றேன். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், ரிப்பன் வாங்கினார்கள், பொட்டு வாங்கினார்கள், போனார்கள். அவர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். நான் அங்கேயே இருந்தேன்.

"இன்னும் நிக்கிறியா?"

"ஆமாண்ணே."

கல்லாவை மூடினார். "அவ பேசிப் பேசி வாங்குவா. நீ நின்னே வாங்கற" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டியும் வரும், சோறும் வரும். அங்கயே வெச்சித் தின்னுங்க."

மாசி முடிவதற்குள் போனோம். ராஜாங்கம் அண்ணனும் வந்தார். ஒவ்வொரு ட்யூபையும் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்றவிட்டார். செல்வி மிதந்துகொண்டே யார் எங்கே இறங்குவது என்று கட்டளை போட்டாள். மண்டி முதலாளி கொடுத்த பந்து ஒரு ட்யூபிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்தது. நீ காலிபரை வைக்கிற பாறை காலியாக இருந்தது. நான் என் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தேன்.

ஒரு ட்யூபைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தேன். ஒன்றும் இல்லை. முழங்கால் வரை போனேன். கெண்டைக்காலில், சூடுபட்ட காயம் முழுதாக ஆறாத இடத்தில், சுரீர் என்றது.

"எரியுது" என்றேன். எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

"இன்னாக்கா?" செல்வி திரும்பினாள்.

"எரியுது செல்வி."

"எரியட்டும் எரியட்டும். பந்தப் புடிங்க" என்று என் முகத்துக்கே எறிந்தாள். பிடிக்கவில்லை. தண்ணீர் தெறித்தது.

அங்கே நான் அழுதேன் என்று உனக்கு எழுத ஆசைதான். அழவில்லை. எரிந்தது, அவ்வளவுதான். கரை ஏறும் வரை எரிந்துகொண்டிருந்தது. நான் கடைசியாகத்தான் ஏறினேன்.

உன் அண்ணனிடம் எனக்கும் ஒரு கைக்கண்ணாடி கேட்டேன். எதற்கு என்று அவர் இப்போது கேட்பதில்லை. பையில் வைத்திருக்கிறேன். விளக்கு வைத்த பிறகு, செல்வியின் அதட்டலுக்குப் பயந்து, எல்லோரோடும் பாயில் உட்கார்ந்து பார்க்கிறேன். காயம் ஆறி, கறுத்த தழும்பாக நிற்கிறது. விரலால் அழுத்தினால் இன்னும் லேசாக வலிக்கிறது. தினமும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்.