தொண்ணூறு என்று சொன்ன வாய்

அன்பு மகள் மகாராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பு தேறியிருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நான் வாய் ஓயாமல் பேசுகிறேன், உன் அப்பா காது கேளாதவர் மாதிரி இருக்கிறார், ஆக இருவரும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி, டிவி ரிமோட் தொலைந்தால் மட்டும் வலி போய்விடுகிறது. எடுத்த கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத நீ லாஜிஸ்டிக்ஸ் படித்து உலகத்துச் சரக்கையெல்லாம் இடம் பார்த்து அனுப்பப் போகிறாய் என்று உன் சித்தியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். இப்போது சிரிக்க முடியவில்லை கண்ணு. சித்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

போன வருஷம் உன் ப்ராஜெக்டுக்காக நானும் சித்தியும் வேலை பார்க்கும் குடோனைப் பற்றிப் போனில் கேட்டாயே, ஒரு மணி நேரத்துல எத்தனை பெட்டி பேக் பண்ணுவீங்கம்மா என்று. கூடப் படிக்கிறவங்க எல்லாரும் ஸ்பீக்கர்ல கேக்கறாங்க என்று வேறு சொன்னாய். மூன்றாம் வகுப்புக்காரி என்று அந்தப் பிள்ளைகள் என்னை லேசாக நினைத்துவிடக் கூடாதே என்று தொண்ணூறு என்றேன். எல்லாரும் ஓ என்று கத்தினீர்கள், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அது பச்சைப் பொய். அட்டையை மடித்து, சாமானை வைத்து, டேப் ஒட்டி, சீட்டு ஒட்டி முடிக்க என் கை அறுபத்திரண்டைத் தாண்டாது, இங்கே என் கைதான் வேகமான கை. நீயும் ஒரு நாள் வந்து கடிகாரம் பிடித்துப் பார்த்திருக்கலாம், அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய், அதற்கு உன்னை என்ன சொல்ல.

அந்தத் தொண்ணூறை வைத்து நீ எழுதிய ப்ராஜெக்டுக்கு எங்கள் கம்பெனியே பரிசு கொடுத்து, படிப்பு முடிந்ததும் உனக்கு வேலையும் தருகிறோம் என்றபோது தெருவெல்லாம் சொன்னேன். பிறகு சூப்பர்வைசர் கடிகாரத்துக்குக் கீழே 90 என்று எழுதி மாட்டினார். யூனிவர்சிட்டி பிள்ளைங்க ஆராய்ச்சி பண்ணிச் சொன்ன கணக்கு, மூணு மாசத்துக்குள்ள தொடாதவங்க வீட்டுலயே இருந்துக்கலாம் என்றார். யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, குடித்தால் கக்கூஸுக்குப் போக வேண்டும், போனால் ஆறு பெட்டி போச்சு. உன் சித்தி அடக்கி அடக்கி சிறுநீரகத்தில் சீழ் வைத்து, புதன்கிழமை மேஜையிலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் காலை அமுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா, எந்தப் பாவி இந்தக் கணக்கைக் கொடுத்தது, அந்த வாய் புழுத்துப் போக என்றாள். ஆமாடி, நல்லா புழுக்கட்டும் என்று நானும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

போனில் சொன்னால் விடுங்கம்மா என்பாய், நானும் ஏதாவது கேலி பேசி மழுப்பிவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை உன் வாத்தியாரிடம் காட்டு, கம்பெனிக்கும் அனுப்பு. பரிசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு. அந்த வேலையும் கைவிட்டுப் போகலாம், தெரிந்துதான் கேட்கிறேன். உனக்கு வேறு இடம் கிடைக்கும், இந்த வயசில் சித்தியை யார் எடுப்பார்கள். என்னையும் அனுப்பிவிடுவார்கள், போகட்டும். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவளிடம் போய் என் வாயாலேயே சொல்லப் போகிறேன், போட்ட பிறகு பின்வாங்க முடியாதல்லவா. அதற்கப்புறம் அவள் என் முகத்தில் விழிப்பாளோ என்னவோ.

என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் வைத்த கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

எழுத்து கோணலாக இருக்கிறதே, இது உன் அம்மா எழுதியதுதானா என்று உன் வாத்தியார் கேட்டால், கீழே கட்டைவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன்.