மேலே ஏறிவந்த பழைய செய்தி

இன்று காலை பெரியப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வாசனை அடுப்படிவரை வந்தது. எதற்கென்று கேட்காமலே புரிந்து, போனை எடுத்துப் பார்த்தேன். பெரிய செய்தித் திரட்டிகள் எல்லாவற்றிலும் முதல் வரி அதேதான்: தங்கச் சுரங்கம் மறுபடி திறக்கிறது.

நீ இருந்திருந்தால் அடுத்த நிமிடம் விசாரித்துவரச் செருப்பை மாட்டியிருப்பாய்.

"நம்ம ஊர்க்காரங்க எழுதறது மூலைக்கு மூலை கெடக்குதுடி. ஒரே எடத்துல சேத்து வெச்சா படிப்பாங்க" என்று சொல்லித்தான் நம் திரட்டியை ஆரம்பித்தாய். வெளியூருக்குப் போனவர்களின் வலைப்பதிவுகள், அன்றன்று ஊர் பேசும் செய்திகள், எல்லாவற்றின் தலைப்பையும் ஒரே பக்கத்தில் சேர்த்தோம். அதிகம் பேர் தட்டுவது தானாக மேலே ஏறும்படி அமைத்தவள் நீ. ஒன்பதாவதோடு நின்றுவிட்ட எனக்கு டைப் செய்யும் வேலை. ஆட்களிடம் போய்ப் பேசுவது உன் வேலை. "உன்னப் பேசச் சொன்னா, பாதி ஷாஃப்ட்ல நின்ன கேஜ் மாதிரி நிப்ப" என்று, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டைச் சொல்லிச் சிரிப்பாய்.

போன வருடம் ஒரு தப்பைச் செய்தவள் நான். சுரங்கம் திறக்கப்போகிறது என்று யாரோ எப்போதோ எழுதிய பதிவைத் தேதி பார்க்காமல் சேர்த்துவிட்டேன். அந்தத் தலைப்பைத் தட்டாமல் போகிறவர் நம் ஊரில் உண்டா? ஒரே நாளில் உச்சிக்குப் போனது. உச்சியில் இருந்ததால் இன்னும் பலர் தட்டினார்கள். மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நேரத்துக்குப் பெரியப்பா, தன் பழைய சுரங்க வேலையின் சர்வீஸ் சர்டிபிகேட் ஃபைலோடு, மைசூர் மைன்ஸ் என்கிற நம் ஊர்ச் சுரங்கத்தின் கேட்டில் போய் நின்றார். கூட அவர் வயதில் இன்னும் நான்கு பேர். வெயில் ஏறியபின் திரும்பி வந்து, "அதுல இன்னா தேதிமா போட்டிருந்துச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"திரட்டிய மூடிடலாம்" என்றேன் உன்னிடம்.

"மூடிட்டா தப்பு இல்லன்னு ஆயிடுமா? திருத்திப் போடு. நம்ம பேரோட போடு."

அதற்குப் பிறகு நேரில் விசாரிக்காமல் எந்த ஊர்ச் செய்தியையும் நாம் சேர்க்கவில்லை. ஒரு ரயிலின் நேரம் மாறியது உண்மையா என்று கேட்கப் பங்காருபேட்டைவரை போய்வந்தாய்.

காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோனது. இந்த மூன்று மாதமும் வெளியூர்ப் பதிவுகளை மட்டும் சேர்த்தேன். விசாரிக்க ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று, "கொஞ்சம் இருங்க பெரியப்பா. நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றேன்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நீயா?"

"நான்தான்."

மைன்ஸ் கேட்டை இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை வாட்ச்மேனே கூப்பிட்டார். "இன்னா பாப்பா, எதனா தொலச்சிட்டியா?"

"மைன்ஸ் திறக்குதாண்ணா? ஆள் எடுக்கறாங்களா?"

"இன்னா, நீ எறங்கப் போறியா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "வயசானவங்க வந்து நிப்பாங்கண்ணா. சரியா தெரியணும்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஆர்டர் எதுவும் வரல. ஆள் எடுக்கல. யாரும் வர வேணாம்னு சொல்லும்மா."

அங்கேயே நின்று டைப் செய்தேன். தேதி, நேரம், கேட்டில் சொன்ன பதில், கீழே என் பெயர். எத்தனை பேர் வேறு எதைத் தட்டினாலும் கீழே இறங்காதபடி அதை மேலே நிறுத்தினேன். பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "சரிமா" என்றார். பிறகு, "ஸ்கெலட்டன் ஏரியாவுல இருக்கறவங்களுக்கும் சொல்லணுமே" என்றார். சொல்லத்தான் போகிறேன். உன்னால் எனக்கு வந்து சேர்ந்த வேலை இது. இதை விடுவதாக இல்லை.

ஸ்கெலட்டனுக்கு நடக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. இப்படி வருவதையெல்லாம் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று எடுத்தேன். திரட்டியின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஒரு அம்மா பேசினார். வீட்டுக்காரர் சட்டை மாட்டி மைன்ஸ் கேட்டுக்குக் கிளம்பி நிற்கிறாராம்.

"நெஜமாவே கேட்டீங்களா? யாரு போய்க் கேட்டது?"

"நான்தாம்மா கேட்டேன். அவர உக்காரச் சொல்லுங்க."