கறுப்புப் பட்டன் போட்ட கார்பன்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு வேறு பேச்சில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, தையல் கடைக்குப் போய் வருகிறார். உன் அண்ணன் மாடிக் குழாயை இன்னும் சரிசெய்யவில்லை, கேட்டால் நாளைக்கு என்கிறான்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். போன வாரம் வகுப்பில் அணு அமைப்பு நடத்தினேன். வழக்கம்போல அப்பா கடைப் பட்டன்களைத் தட்டில் பரப்பி, சிவப்பு ஆறும் புரோட்டான், அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தனிமமே மாறிவிடும், வெள்ளை நியூட்ரான், அது ஆறானாலும் எட்டானாலும் கார்பன் கார்பன்தான், எடைதான் மாறும், அதுதான் ஐசோடோப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பெஞ்சுப் பெண் எழுந்து, நீங்களும் அந்த அக்கா வீடியோவப் பாத்துத்தான் நடத்துறீங்களா டீச்சர் என்றாள். வகுப்பே சிரித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரவைத்தேன்.

வீட்டில் அப்பாவும் நானும் அந்த வீடியோவைப் பார்த்தோம். அக்கா நீதான். தட்டு, பட்டன், சின்னதில் உனக்கு நான் நடத்திய வாய்ச்சொல் வரைக்கும் அப்படியே. கடைசியில் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என் பேராசிரியர் என்று கைகூப்புகிறாய். ஊரார் வீட்டு நெய்யே என்பார்கள், நீ பெற்றவள் வீட்டு நெய்யை எடுத்து ஊராருக்கு வார்த்திருக்கிறாய். எட்டுக்கு வெள்ளையில் ஒன்று குறைந்ததால் அன்றைக்கு நான் சேர்த்த கறுப்புப் பட்டனைக்கூட விடவில்லை. உன் பேராசிரியருக்கும் ஒன்று குறைந்ததாமா? இது நம்ம கோட்டுப் பட்டன் மாதிரியில்ல இருக்கு என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூட டீச்சர் பெயரைச் சொன்னால் எடுபடாது என்று நினைத்தாயா? வளர்த்த கடா மார்பில் பாயும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எவ்வளவு வலிக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

அதோடு விட்டாயா. கறுப்பு எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, சிதையப்போகும் நியூட்ரான் அது என்று பதில் போட்டிருக்கிறாய். எட்டு நியூட்ரான் கார்பன் சிதையும், அது சரி, ஆனால் எட்டும் ஒரே மாதிரிதான், எது எப்போது மாறும் என்று யாராலும் காட்ட முடியாது. ஞாயிறு தவறாமல் பேசுகிறாயே, அம்மா இது எதுக்கும்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா. அதை இன்றே திருத்து, பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவைக்கும். பெயர் விஷயம் உன் மனசாட்சிக்கு விட்டேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

மறுநாள் அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? ஆமாம், அந்த அக்காவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்றேன். அவள் என் மகள், அது என் பாடம் என்றால் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் நீ திருடியாகிவிடுவாய். கோபம் அவ்வளவு இருந்தும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அம்மா