மெதுவாகச் சுழலும் அண்ணன்

அன்புள்ள அம்மா,

ஓமருவில் சித்தி வீட்டில் காற்று அடங்கியதா? இங்கே டனீடினில் மழை விடவில்லை. அண்ணனின் இசைக்குழு போட்ட இரட்டை இசைத்தட்டு எங்கள் கடையில் நன்றாக விற்கிறது. குழு நமக்கு அனுப்பி, நீ பிரிக்காமல் விட்டுப்போன தட்டுப் பெட்டியை நானும் தொடவில்லை.

வாங்கியவர்கள் திரும்பி வந்து கருத்துச் சொல்கிறார்கள்.

"ரெண்டு தட்டு எதுக்கும்மா? முதல் தட்டுலயே தூங்கிட்டேன்" என்றார் தபால்காரர் டூகல்.

"இவர் சர்ச்லயும் தூங்குவாரு, விடு" என்றாள் அவர் மனைவி. "பேய் பாடுற மாதிரி உடம்பு சிலிர்த்துச்சு. பாடுறவருக்கு அம்பது வயசு இருக்குமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓட வேண்டிய தட்டை எல்லோரும் வழக்கம்போல் முப்பத்து மூன்றில் ஓட்டுகிறார்கள். உறையில் வேகத்தை அச்சிட மறந்திருக்கிறார்கள்.

"சரியான வேகத்தை எழுதி ஒட்டிடு" என்றார் முதலாளி ஃபெர்கஸ்.

நான் இன்னும் ஒட்டவில்லை. நேற்று கடை திறக்கும் முன் மெதுவாகவே போட்டுக் கேட்டேன். பத்தொன்பதைத் தாண்டாமலே போய்விட்டவன், குரல் தடித்து, அப்பாவின் வயதில் பாடினான்.

சனிக்கிழமை ஒட்டிவிடுவேன். அவன் பாடிய வேகத்தில் வாங்கியவர்கள் யாருமே இதுவரை கேட்கவில்லை, பாவம். அவனுடைய சொந்தக் குரலைத் தனியாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடேன், அம்மா.

உன் மகள்