கலுங்குக்குக் கீழே ஒரு வீடு

அபி அப்பாவுக்கு,

நீங்கள், அத்தை, அபி மூவரும் சுகம்தானே? அபிக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. போன வாரம் எங்கள் சர்வே ஆபீசில் கணினியில் ஏற்ற வந்த ஐம்பது வருசப் பழைய வரைபடங்களில் நம் ஊர்ப் பக்கத்துத் தாளும் இருந்தது. குன்றக்குடி மலையிலிருந்து விரலாலேயே நடந்து நம் ஊருக்கு வந்தேன். இப்போது தூர்ந்துபோன ஊருணிகூட அதில் இருந்தது. நாம் குடிபோகப்போகும் புதுவீட்டு இடத்தில் ஒரு நீலக்கோடு. கண்மாய் நிறைந்தால் கலுங்கில் வழியும் தண்ணீர் போகிற கால்வாய் அது.

போனில் இதைச் சொன்னதற்கு, "கோடு போட்டவன் இங்குட்டு வந்து பாத்தானாக்கும்? பத்து வருசமா ஒரு சொட்டுத் தண்ணி ஓடல" என்றீர்கள். பின்னால் அத்தை, "ஐதராபாத்துல உக்காந்துக்கிட்டு நம்ம நெலத்துக்கு மேடு பள்ளம் சொல்றா" என்று சிரித்தது கேட்டது. அதைச் சொல்லத்தான் இங்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஊரார் நிலத்துக்கெல்லாம் என்னைக் கேட்கிறார்கள்; அஸ்திவாரம் தோண்டும்போது நீங்கள் கேட்கவில்லை.

நீங்கள் நம்பாவிட்டாலும் போகட்டும். ஐப்பசி மழை வலுத்தால் அபியை மட்டும் கீழச்சிவல்பட்டியில் எங்கள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். அந்த வீடு மேட்டில் இருக்கிறது.

அபியை நூல் பிடித்து அளந்து உயரத்தை எழுதுங்கள், பாவாடை தைக்கக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் எந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று சொல்லிவிடுவேன். அவள் உயரம்தான் தெரியவில்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

துர்கா